தலைவாசல் கதவுக்கு எது சரி: மெலமைனா, பி.யூ.வா, எண்ணெயா?

எங்கள் வீட்டுத் தலைவாசல் மேற்குப் பார்த்தது. போர்ட்டிகோ கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராகக் கதவில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல். போதாததற்கு, தினமும் வாசல் தெளிக்கும்போது அடிச்சட்டத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் தெறிக்கும்.

இந்தக் கதவுக்குத்தான் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம் மெலமைன் பாலிஷ் அடித்துக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டாவது கோடையில் அடிச்சட்டத்தில் நகம் பட்டாலே மீன் செதிள் போலப் பெயர்ந்து வந்தது. உள்ளே தேக்கு சாம்பல் பூத்திருந்தது.

தப்பு தேக்கின் மேல் இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், மரநாரைக் கட்டிப்பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடும். நிறமில்லாத பூச்சு வழியாகக் கதிர் தாராளமாக உள்ளே போகும். பூச்சு பிடித்திருக்கும் மரப்பரப்பே பொடிந்த பிறகு பூச்சு எதைப் பிடித்து நிற்கும்? மேலும் மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மெலமைன் விறைப்பானது, அந்த அசைவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கும். அலமாரிக்கும் உள்ரூம் கதவுக்கும் மெலமைன் அருமையான பாலிஷ். தெருவைப் பார்த்த கதவில் அதை அடிக்க விடாதீர்கள்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பிரெஞ்ச் பாலிஷும் அப்படித்தான். தண்ணீர் பட்டால் வெளுத்துப்போகும். பூஜையறைக் கதவோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆக, வெளிக்கதவுக்கு உண்மையான போட்டி பி.யூ. எனும் பாலியூரித்தேன் பூச்சுக்கும் எண்ணெய்க்கும்தான்.

பி.யூ. என்றாலே வெளியில் தாங்கும் என்று கடையில் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளாகும். அலிபாட்டிக் வகைதான் வெளிக்கதவுக்கு ஆகும். டப்பாவில் ‘எக்ஸ்டீரியர்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மரத்துளையை அடைக்கும் அடிப்பூச்சாக மலிவான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர் போட்டு மேலே பி.யூ. அடிக்கும் வழக்கம் உண்டு, சீலரும் பி.யூ.வாகவே இருக்கட்டும். பி.யூ. இறுகுவதற்காக அதில் கலக்கும் ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகி பூச்சில் கொப்புளம் கிளம்பும் என்பதால் மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். ஸ்ப்ரே அடிப்பவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

எண்ணெய் வேறு சுபாவம். ஊரில் எங்கள் பழைய வீட்டுக் கதவு திண்ணைக்கு உள்ளே அடங்கியிருக்கிறது. வெயில் தொடாது. வருஷத்துக்கு ஒருமுறை காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மரம் குடித்தது போக மீதியைத் துடைத்துவிடுவோம். அரை நாள் வேலை. எண்ணெய் மேலே தோலாக நிற்காமல் மரத்துக்குள் இறங்குவதால் உரிவதற்கு ஒன்றுமில்லை. குறையும் உண்டு: ஈரம் தங்கும் இடத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும். வெள்ளிக்கிழமை நிலையில் வைக்கும் குங்குமம் மரத்துளைக்குள் இறங்கினால் போகாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போட வேண்டும்.

பி.யூ. பல வருஷம் நிற்கும், ஆனால் கெட்டுவிட்டால் முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் சீக்கிரம் மங்கும், ஆனால் மேலேயே இன்னொரு கை தேய்த்தால் போதும். நிழலான வாசலும் வருஷா வருஷம் கவனிக்க ஆளும் இருந்தால் நான் எண்ணெய் பக்கம்தான். எங்கள் மேற்கு வாசலுக்கு அது கட்டுப்படியாகாது. பழையதை எல்லாம் எடுத்துவிட்டு மேட் பி.யூ.வே அடித்தோம்.

அதற்கு முன் ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு. சாயம் கரைந்த ஸ்டெயின் வெயிலில் வெளுக்கும். நிறத்தூள் கலந்த ஸ்டெயின் வெளுப்பதும் குறைவு, கதிரையும் தடுக்கும். 120-இல் தொடங்கி 180, பிறகு 220 நம்பர் உப்புத்தாள், ரேகை போகும் வாக்கிலேயே தேய்த்தோம். குறுக்கே இழுத்த ஒரு கீறலைக்கூட ஸ்டெயின் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் துணியால் துடைத்த பிறகே ஸ்டெயின் போட்டோம். நிறத்தை முதலில் மீந்த தேக்குத் துண்டில் பூசி, வெயிலில் வைத்துப் பார்த்தோம். டப்பா அட்டையில் இருந்த நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, கதவைக் கீலிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். மேல் விளிம்பும் அடி விளிம்பும் யார் கண்ணுக்கும் தெரியாது என்று பூசாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஏறுவது அங்கேதான். எங்கள் கதவைக் கழற்றியபோது அடி விளிம்பு பூச்சே இல்லாத வெறும் மரமாகவே இருந்தது.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும் அடிச்சட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறேன். முத்து முத்தாக உருண்டால் அந்த மழைக்குக் கவலையில்லை. பரவி மரம் கறுத்தால், வெறும் மரம் தெரியும் முன்பே லேசாக உப்புத்தாள் போட்டு இன்னொரு கோட்.