பேஸ்மென்ட் ஈரத்துக்கு எது சரி: ஜன்னலா, எக்ஸாஸ்ட் ஃபேனா, டிஹியூமிடிஃபையரா?

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை. ஈரமான சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து கசிவு; அதற்கு எந்த ஃபேனும் மருந்தல்ல, வெளியே மழைநீர் வடிய வழி செய்வதுதான் முதல் வேலை.

காற்று ஈரம்தான் என்றால் எல்லோரும் சொல்வது, "ஜன்னலைத் திற." குளிர்ந்து வறண்ட நாட்களில் சரி. புழுக்கமான மதியத்தில் திறந்தால் வம்பு. 30 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தோடு வரும் காற்று, 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கட்டும். மண்ணைத் தொட்டிருக்கும் சுவர் 20 டிகிரியில் இருந்தால் வியர்த்துக் கொட்டாதா என்ன?

எக்ஸாஸ்ட் ஃபேன் குளியலறையிலும் அடுப்புக்கு மேலும் இருந்தே ஆக வேண்டும். ஆவி பரவுவதற்குள் பிடித்துவிடும். கதவுக்கு அடியில் விரலளவு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. ஆனால் அதையே நாள் முழுக்க ஓடவிட்டு வீட்டைக் காயவைப்பது எனக்கு உடன்பாடில்லை. வெளியேறும் காற்றுக்கு ஈடாகத் தரை விரிசல் வழியே மண்ணின் ஈரமும், சில பகுதிகளில் மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் உள்ளே வரும். புகைக்குழாய் வைத்த கேஸ் ஹீட்டர் இருந்தால் இன்னும் மோசம்: கார்பன் மோனாக்சைடு கலந்த புகை வீட்டுக்குள்ளேயே திரும்பலாம்.

டிஹியூமிடிஃபையர் என்பது காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத் தொட்டியில் நீராகச் சேர்க்கும் கருவி; புதுக்காற்று தராது. அறையைக் கொஞ்சம் சூடாக்கும், கரண்ட் இழுக்கும், தொட்டி நிரம்பினால் நின்றுவிடும் (டியூப் வைத்து நேரே வடிகாலில் விட்டுவிடுங்கள்). ஆனாலும் வெளியே புழுக்கம் நீடிக்கும் ஊர்களில் என் ஓட்டு இதற்குத்தான், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. ஈரப்பதம் 50க்கும் 60 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் போதும். 15 டிகிரிக்குக் கீழே போகும் அறையில் காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரிக்கும் கம்ப்ரசர் வகை திணறும்; அங்கே ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகன்ட் வகை வாங்குங்கள்.

வெளிக்காற்றை உள்ளே எடுத்து, போகும் காற்றின் வெப்பத்தை அதற்குக் கொடுக்கும் இருவழி அமைப்பு நீண்ட குளிர்கால ஊர்களுக்கு அருமை. செலவு அதிகம், குழாய் இழுக்க வேண்டும், வடிகட்டியைத் தவறாமல் துடைக்க வேண்டும். புழுக்க ஊரில் இதை நம்பி டிஹியூமிடிஃபையரை விற்றுவிடாதீர்கள்.