உப்புக் காற்றில் மேசைக் கணினியா, மடிக்கணினியா?

மீன் வாடியில் (மீன் வாங்கி விற்கும் கொட்டகையில்) பில் போடுவதற்கும் வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒன்றே போதும் என்று மடிக்கணினி வாங்குகிறவர்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான எங்கள் மண்டபம் பக்கம் அதிகம். செயலி எது, விலை என்ன என்று கேட்கிறவர்கள், பழுதானால் எந்த உறுப்பைத் தனியே கழற்றி மாற்ற முடியும் என்று கேட்பதில்லை. கடலோரத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விசிறி உள்ளே இழுக்கும் காற்றோடு வரும் உப்புத் துகள், எல்லா உறுப்புகளும் இணையும் பலகையான மதர்போர்டின் மேல் படிந்து ஈரமானால், செம்பு இணைப்புகளை அரிக்கத் தொடங்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். இந்த ஆபத்து இரண்டு வகைக் கணினிக்கும் பொது. அரித்த பிறகு என்ன செய்யலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் வாடி பூட்டியே கிடந்தது. திறந்த அன்று மேசைக் கணினியில் பீப் ஒலி மட்டும் வந்தது, திரை இருண்டே இருந்தது. கேபினெட்டைத் திறந்து ரேமை (தற்காலிக நினைவகப் பட்டையை) கழற்றிப் பார்த்தால், தங்க முலாம் பூசிய பற்களில் கடுகளவு பச்சைப் புள்ளிகள். பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு மீண்டும் செருகியதும் திரை எரிந்தது. தேதி தவறாகக் காட்டியதால், கணினியின் கடிகாரத்தை ஓடவைக்கும் காசு போலிருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியையும் மாற்றினோம், செலவு அவ்வளவுதான். அதே ஆண்டு வீட்டு மடிக்கணினியில் சில விசைகள் வேலை செய்யாமல் போயின. விசைப்பலகைக்குக் கீழே மதர்போர்டு அரித்திருந்தது. ரேமும் அதிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால் முழு போர்டையும் மாற்ற வேண்டும் என்று பழுதுபார்க்கும் கடையில் சொல்லி, புதியதன் விலையில் பாதியை நெருங்கும் தொகையைக் கேட்டார்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றின் அமைப்பு இதுதான்.

மின்வெட்டைப் பொறுத்தவரை மடிக்கணினியே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏலம் நடக்கும் நேரத்தில் கரண்ட் போனாலும் அதன் பேட்டரி மணிக்கணக்கில் தாங்கும். மேசைக் கணினிக்கு 600 வி.ஏ. திறனுள்ள யூ.பி.எஸ். (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரிப் பெட்டி) வைத்தாலும், பேட்டரி புதிதாக இருக்கும்போதே 10 முதல் 15 நிமிடம்தான் கிடைக்கும். கணக்கைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும். யூ.பி.எஸ்.ஸுக்கு உள்ளேயிருக்கும் 12 வோல்ட் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

எதை வாங்கினாலும் உள்ளே எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) இருக்கட்டும். நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 எம்.பி. வரை படிக்கும்போது, சாட்டா என்ற இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்.எஸ்.டி. 500 எம்.பி.யைத் தொடும்; பழைய கணினியில் இந்த ஒன்றை மாற்றினாலே வேறு கணினி போலத் தோன்றும். ஆனால் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரித்துவிட்டுச் சாகும், எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எனவே கணக்குகளின் நகலை மட்டும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்வது நல்லது. ரேம் 8 ஜி.பி. போதும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய மேசைக் கணினியை வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை, இன்டெல் செயலி என்றால் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்.

தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் அலைகிற ஏற்றுமதி முகவர், ரேமைக் கழற்றும் வசதியுள்ள மடிக்கணினியாகப் பார்த்து வாங்கலாம். ஓரிடத்திலேயே உட்கார்ந்து பில் போடும் வாடிக்கு மேசைக் கணினிதான் என் தேர்வு. இப்போதெல்லாம் தடைக்காலத்திலும் வாரம் ஒருமுறை வாடியைத் திறந்து, அரை மணி நேரம் கணினியை ஓடவிடுகிறோம். உள்ளே ஏறும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடுகிறது.