மாஹேபூர் அருங்காட்சியகம்: தோற்ற கேப்டன்கள் அட்மிரல் ஆனது எப்படி?

மொரிசியஸின் தென்கிழக்கே, மாஹேபூரில் இருக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தைப் பலர் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தூண் வைத்த தாழ்வாரமுள்ள பழைய மாளிகை, செயின்ட் ஜெரான் கப்பலின் மணி, கடற்கொள்ளை வீரன் சுர்கூஃப் வைத்திருந்த பொருட்கள், பிறகு நேராக புளூ பே கடற்கரை. சின்னப் பிள்ளைகளோடு போனால் அவ்வளவுதான் முடியும். ஆனால் கடற்படையில் ஓர் அதிகாரி எப்படி மேலே ஏறுகிறார், எந்தப் படியில் வழுக்குகிறார் என்று அறிய ஆசைப்படுபவர் ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். 1810 ஆகஸ்டில், தீவு பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோது, இந்த விரிகுடாவில் மோதிக்கொண்ட ஆங்கிலேய, பிரெஞ்சுக் கேப்டன்களின் பிற்கால வாழ்க்கை முழுவதும் பதிவாகியிருக்கிறது. அந்தத் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அறைகளைச் சுற்றினால் பெரிய லாபம்.

முதலில் அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். மாஹேபூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, கடலோரமாக நடந்து பொயிந்த் தே ரெகாத் முனைக்குப் போங்கள். 1899இல் எழுப்பிய நினைவுத்தூண் அங்கே இருக்கிறது, இரு தரப்பிலும் மாண்டவர்களுக்குப் பொதுவாக. அங்கிருந்து கடலைப் பார்த்தால் தூரத்தில் பவளத்திட்டின் வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோட்டில் கப்பல் நுழையக்கூடிய வாய்க்குக் காவலாக நிற்பது இல் தெ லா பாஸ் தீவு. வடக்கே சிங்கம் படுத்தாற்போல ஒரு மலை. இந்த அமைப்பை மனதில் பதித்துக்கொண்டால்தான் உள்ளே இருக்கும் வரைபடங்கள் பேசும். பார்க்க நீலமாக, சமமாகத் தெரியும் இந்தத் தண்ணீருக்கு அடியில் முழுக்கப் பவளமேடு. ஃபிரிகேட் என்ற நடுத்தரப் போர்க்கப்பலுக்கு வேண்டிய ஆழம் வளைந்து வளைந்து போகும் ஒரு கால்வாயில் மட்டும்தான் உண்டு. சண்டையின் முடிவை எழுதியது பீரங்கியைவிட அந்தக் கால்வாய்தான். திங்கட்கிழமை போகாமல் இருந்தால் நிம்மதி. அன்று சந்தை நாள், ஊரே தெருவில் இருக்கும்.

இனி மாளிகை. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மேல்தளத்தோடு. சண்டையில் கண்ணை இழந்த ஆங்கிலேயக் கேப்டன் நெஸ்பிட் வில்லோபியையும், முகத்தில் குண்டடிபட்ட பிரெஞ்சுத் தளபதி கீ துப்பெரேயையும் கொண்டுவந்து படுக்கவைத்துச் சிகிச்சை தந்தது இதே வீட்டில்தான். எதிரிகள் இருவரும் ஒரே கூரையின் கீழ் கட்டுப்போட்டுக் கிடந்தார்கள். காட்சிப்பொருளை விட்டுவிட்டு இந்த வீட்டுக்காக மட்டும் வந்தாலும் பேருந்துக் காசு வீணில்லை.

சண்டையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆகஸ்ட் நடுவில் ஆங்கிலேயர் இல் தெ லா பாஸைப் பிடித்தார்கள். 20ஆம் தேதி துப்பெரே பெல்லோன், மினெர்வ், விக்டர் கப்பல்களோடும் பிடிபட்ட இரண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களோடும் திரும்பி வந்தார். அந்தத் தீவின் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவைத்து ஏமாற்றி, உள்ளே வரவிட்டுச் சுடுவது வில்லோபியின் திட்டம். அந்தக் கொடியை இறக்கும்போது அது கணப்பின்மேல் விழுந்து, பக்கத்திலிருந்த தோட்டாக்கள் தீப்பிடித்து வெடித்தன. கோட்டை தன்னைத்தானே சுட்டுக்கொண்டது போலாயிற்று. 23ஆம் தேதி மாலை சாமுவேல் பிம் தலைமையில் நான்கு ஆங்கிலேய ஃபிரிகேட்டுகள் உள்ளே பாய்ந்தன: சிரியஸ், மஜிசியேன், இஃபிஜீனியா, நெரெயிட். பிரெஞ்சுக்காரர்கள் வழிகாட்டி மிதவைகளை இடம் மாற்றியிருந்தார்கள். சிரியஸும் மஜிசியேனும் பவளத்தில் ஏறிச் சிக்கின. கடலைப் பார்த்துத் திருப்பிய பக்கவாட்டுப் பீரங்கி வரிசையோடு நின்ற பிரெஞ்சு அணிக்கு எதிரே நெரெயிட் அநேகமாகத் தனியாக அகப்பட்டது.

பீரங்கிக் குண்டு வைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெரெயிட்டின் முக்கியப் பீரங்கி 12 பவுண்டு குண்டு எறிவது, அதாவது சுமார் 5.4 கிலோ இரும்பு. பெல்லோனுடையது பிரெஞ்சுக் கணக்கில் 18 பவுண்டு. பிரெஞ்சு பவுண்டு ஆங்கிலேய பவுண்டைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் அது சுமார் 8.8 கிலோ. குறுக்களவில் பார்த்தால் இரண்டுக்கும் விரற்கடைதான் வித்தியாசம், கப்பல் பலகையில் விழும்போதுதான் கனம் தெரியும். ஆனால் மாலுமிகளை அதிகம் கொன்றது குண்டு அல்ல, குண்டு உடைத்தெறிந்த மரச்சிலாம்பு. வில்லோபியின் இடது கண் போனதும் சிலாம்பால்தான். நெரெயிட்டில் அன்று இருந்த சுமார் 280 பேரில் 200க்கு மேற்பட்டோர் மாண்டோ காயப்பட்டோ போனார்கள்.

நெரெயிட் 24ஆம் தேதி சரணடைந்தது. மஜிசியேனையும் சிரியஸையும் அவற்றின் சொந்த ஆட்களே எரித்தார்கள். மாத இறுதியில் ஹென்றி லாம்பர்ட்டின் இஃபிஜீனியாவும் தீவுக்கோட்டையும் சரணடைந்தன. நான்கு கப்பலும் போயின. பாரிஸின் வெற்றி வளைவில் பொறித்த ஒரே கடற்போர் வெற்றி இதுதான். வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடு பேச்சை முடிப்பார்கள். கேள்வி தொடங்குவதே இங்கேதான்: கப்பலைப் பறிகொடுத்த அந்த நான்கு கேப்டன்களுக்கு என்ன தண்டனை?

ஒருவருக்கும் இல்லை. கப்பலை இழந்தால் கோர்ட் மார்ஷல், அதாவது படை நீதிமன்ற விசாரணை, கட்டாயம் என்பது அன்றைய விதி. நால்வரும் அதைச் சந்தித்துக் கௌரவமாக விடுதலையானார்கள். வில்லோபிக்கு மட்டும் ஒரு குட்டு. ‘எதிரி நம்மைவிடப் பலவீனன்’ என்று பிம்முக்குக் கொடிச்சைகை காட்டியது விவேகமற்றது என்றது நீதிமன்றம்.

பதவி விஷயம் இங்கேதான் சுவையாகிறது. அக்கால ஆங்கிலேயக் கடற்படையில் போஸ்ட் கேப்டன் என்ற முழுக் கேப்டன் படியை எட்டும்வரை எல்லாம் சிபாரிசு, தைரியம், அதிர்ஷ்டம். அப்பா அட்மிரலாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்தப் படியை எட்டிய தேதியோடு பெயர் ஒரு பட்டியலில் ஏறிவிடும். அதற்குமேல் போரில் வென்றாலும் தோற்றாலும் வரிசை மாறாது. முன்னால் இருப்பவர்கள் சாகச் சாக, பின்னால் இருப்பவர் நகர்வார். 1815க்குப் பிறகு பெரிய போர் இல்லை. பெரும்பாலான கேப்டன்கள் பாதிச் சம்பளத்தில் கரையில் உட்கார்ந்து அந்தப் பட்டியல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாக்குதலை நடத்தித் தோற்ற பிம் பட்டியலில் ஏறியது 1804இல். 1837இல் அட்மிரல் வரிசையின் முதல் படியான ரியர் அட்மிரல் ஆனார், பிறகு முழு அட்மிரலும் ஆனார். மஜிசியேனின் கேப்டன் லூசியஸ் கர்டிஸ் ஏறியது 1806இல். அவர் அப்பா சர் ரோஜர் கர்டிஸ் அட்மிரல் என்பதால் இளமையிலேயே படி ஏறிவிட்டார். 1838இல் ரியர் அட்மிரல், 1864இல் அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட். கடற்படையில் அதற்குமேல் படி கிடையாது. கப்பலைத் தானே எரித்துவிட்டு இந்த விரிகுடாவிலிருந்து சிறைக்குப் போன மனிதர், நீண்ட ஆயுளால் உச்சிக்குப் போனார். 1869இல்தான் இறந்தார். நால்வரில் மிகக் கடுமையாகச் சண்டையிட்ட வில்லோபிக்குப் போஸ்ட் கேப்டன் பதவி உறுதியானது சண்டைக்குச் சில நாள் கழித்து, 1810 செப்டம்பரில். கர்டிஸைவிட நான்கு வருஷப் பின்னடைவு. அதனால் ரியர் அட்மிரல் பட்டம் 1847இல்தான் வந்தது, 1849இல் ஆள் போய்விட்டார். மேலதிகாரியை மதிக்கவில்லை என்று ஒருமுறை வேலை நீக்கம், மாலுமிகளைக் கொடுமைப்படுத்தினார் என்று இன்னொரு வழக்கு, துப்பாக்கி வெடித்துத் தாடை உடைவு, இங்கே கண் இழப்பு, பின்பு 1812இல் ரஷ்யப் படையோடு போய் பிரெஞ்சுக்காரரிடமே கைதி. இத்தனையும் ஒரு மனிதருக்கு! அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கலாம்.

லாம்பர்ட்டின் விதி வேறு. இத்தீவுக்கு உதவிக்கு வந்த பிரெஞ்சு ஃபிரிகேட் ரெனோமே 1811இல் மடகாஸ்கர் அருகே பிடிபட்டு, ஜாவா என்ற பெயரில் ஆங்கிலேயக் கப்பலானது. அதன் கேப்டனாக லாம்பர்ட்டை அனுப்பினார்கள். 1812 டிசம்பர் 29இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிட்யூஷனிடம் தோற்று, அந்தக் காயத்தாலேயே மாண்டார். பட்டியலில் அவர் இடம் காலியானபோது பின்னால் நின்றவர்கள் ஒரு படி ஏறியிருப்பார்கள்.

பிரெஞ்சுப் பக்கம் நியமனம் மேலிடத்தின் விருப்பம். வணிகக் கப்பலில் பிழைப்பைத் தொடங்கிய துப்பெரே இந்த வெற்றிக்காகக் கொந்த்ர் அமிரால் (பிரெஞ்சு ரியர் அட்மிரல்) ஆனார். 1830இல் அல்ஜியர்ஸ் படையெடுப்பில் கப்பற்படைக்குத் தலைவர், அதே ஆண்டில் அட்மிரல், பின்னர் கடற்படை அமைச்சர். ஆனால் 23ஆம் தேதி இரவு துப்பெரே விழுந்தபின் சண்டையை நடத்தி முடித்தவர் மினெர்வின் கேப்டன் பியேர் பூவே. பக்கத்துத் தீவான ரீயூனியனின் சாங் பெனுவாவில் பிறந்தவர். அவர் ஏற்றம் கொந்த்ர் அமிரால் படியோடு நின்றது. உள்ளே துப்பெரே பெயரைப் பார்க்கும்போதெல்லாம் பூவேயையும் தேடுங்கள், அது நியாயம். இன்னொரு குறிப்பு: சரணடைதலை வாங்க வந்த வீனஸ் கப்பலின் தளபதி ஹாமெலின், தன் சகோதரர் மகனைச் சிறுவயதிலேயே கப்பலில் ஏற்றிப் பழக்கியவர். அந்தப் பையன் ஃபெர்டினாண்ட் 1854இல் பிரான்சின் அட்மிரல் ஆனார்.

மூன்றே மாதத்தில் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. டிசம்பர் 3இல் பிரெஞ்சு ஆளுநர் தெக்காய் சரணடைந்தார். அந்த ஆண்டில் இந்தத் தீவுகளில் இறங்கிய ஆங்கிலேயப் படைகளில் மெட்ராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். ஃபிரிகேட் கேப்டன்களின் பெயர் இருக்கும் அளவுக்கு அவர்கள் பெயர் எங்கும் கிடைக்காது. அவர்களுக்குப் பட்டியலும் இல்லை, படியும் இல்லை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சாகும் ஊரில் நம்மவர் கேட்கத்தக்க கேள்வி இது.

பிள்ளைகள் ‘நானும் கடற்படையில் சேரலாமா’ என்று கேட்டால், மொரிசியஸுக்குத் தனிக் கடற்படை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். தேசியக் கடலோரக் காவல்படை போலீஸ் படையின் ஒரு பிரிவு. அதன் தலைமைக்கு இந்தியக் கடற்படை அதிகாரியை அயல்பணியில் அனுப்புகிறார்கள். கொல்கத்தாவில் கட்டிய பாராகுடா ரோந்துக் கப்பலும், டோர்னியர் விமானங்களும் அதனிடம் உண்டு. அந்த டோர்னியரை ஓட்டும் பாதை எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியக் கடற்படையைப் பார்க்கலாம். கண்ணூர் அருகே எழிமலை அகாடமி, பிறகு விமானப் பயிற்சி, கொச்சியில் டோர்னியர், ஹெலிகாப்டர் என்றால் அரக்கோணம். அங்கே கமாண்டர் வரை பதவி உயர்வு காலக்கணக்கில் வந்துவிடும், கேப்டன் ஆவதற்குத்தான் தேர்வுக்குழு. 1810இல் கேப்டன் ஆகும்வரை போட்டி, அப்புறம் காத்திருப்பு. இன்று காத்திருப்பு முதலில், போட்டி பிறகு. விமானிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் கப்பல் தலைமை ஏற்ற அனுபவம் இல்லாமல் மேல்படிகளில் ஏறுவது கஷ்டம். அதனால் கடற்படை விமானிகள் நடுவே பறப்பதை விட்டுக் கப்பலுக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

விமானத்தில் ஆசை உள்ளவர்கள் அதே நாளில் மோன் ஷ்வாசியையும் சேர்த்துக்கொள்ள நினைக்க வேண்டாம், அது தீவின் மறுகோடி. 1933 செப்டம்பர் 10இல் இலி, சுர்த்தெல் என்ற இருவர் அங்கிருந்து ரீயூனியனுக்குப் பறந்ததன் நினைவுச்சின்னம் இருக்கிறது, இன்னொரு நாள் போகலாம். மாஹேபூரிலிருந்து திரும்புகிற வழியில் பிளெசான்ஸ் விமான நிலையத்தைக் கடப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் இறங்கிய தளம் அது. ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள்.