மாமாவின் குரலில் நாலு வருடம்: பாடும் மென்பொருளும் எங்கள் பழைய பொப் பாட்டும்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம் மாமாவும் கூட்டாளிகளும் ஒரு பொப்பிசைக் குழு வைத்திருந்தார்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் பாட்டுகளை இலங்கை வானொலியில் கேட்டுக் கேட்டு, தாங்களும் சொந்தமாக மெட்டுப் போட்டவர்கள். அதில் ஒன்று, சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற ஒருவரைப் பற்றியது. பைலா என்கிற துள்ளல் ஆட்டத் தாளம். திருவிழா மேடைகளில் நன்றாக எடுபட்டதாம். அது பதிவாகி இருந்த ஒரே கசெற் 1995 ஒக்ரோபரில், போருக்குப் பயந்து வலிகாமச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில், வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது கசெற் வைத்த அலுமாரியே இல்லை.

அந்தப் பாட்டை மீட்கத்தான் பாடும் மென்பொருளுக்குள், அதாவது மெட்டையும் வரியையும் கொடுத்தால் பதிந்து வைத்த ஒரு குரலில் பாடித் தரும் மென்பொருளுக்குள், வந்தேன். 2021 முடிவில் தொடங்கினேன், இப்போதும் வாரத்தில் இரண்டு மூன்று இரவு அதனோடுதான்.

முதலில் எல்லாரையும் போல யப்பானியக் குரலில்தான் கை வைத்தேன். யமஹாவின் வொக்கலொயிட் தொழில்நுட்பம் 2004இல் விற்பனைக்கு வந்தது. 2007இல் வந்த ஹட்சுனே மிக்கு என்ற கற்பனைப் பாடகி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனாள். அவளுடைய குரல் சாகி புஜித்தா என்ற குரல் நடிகையிடமிருந்து எடுத்தது. யப்பானில் பழைய பாட்டுகளை இப்படிக் குரல்களுக்குக் கொடுத்துத் திரும்பப் பாட வைக்கும் ஆட்கள் ஏராளம். நானும் மெட்டை அடித்து, தமிழ்ச் சொல்லை யப்பானிய அசைகளாக உடைத்துக் கொடுத்தேன். வாழைக்குலை என்ற இடத்தில் "வாரைக்குரை" என்று வந்தது. யப்பானிய மொழியில் ல, ள, ழ, ர என்று தனித்தனியே கிடையாது, எல்லாம் ஒரே ஒலிக்குள் போய் விழும். மெட்டு மாமாவுடையது, வாய் எங்களுடையது இல்லை. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு நிறுத்தினேன்.

அப்புறம்தான் உட்டாவு பக்கம் போனேன். யப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் "பாடு" என்றுதான் பொருள். 2008இல் வந்த இலவச மென்பொருள். இதில் யாருடைய குரலையும் நாங்களே எழுத்து எழுத்தாகப் பதிந்து கொடுக்கலாம். இப்போது நான் பாவிப்பது அதன் வழியில் வந்த, திறந்த மூலமான ஓப்பன் உட்டாவு. முதலில் வந்த உட்டாவுக்கு வின்டோஸை யப்பானிய எழுத்துமுறைக்கு மாற்ற வேண்டியிருக்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை. பதிவுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்திருக்கிறேன், பாட்டு வரியையும் தமிழிலேயே அடிக்கிறேன்.

மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு வரியை முழுதாகப் பாட மூச்சுப் போதாது. ஆனால் ஓர் எழுத்தை ஒரே சுருதியில் மூன்று செக்கன் பிடித்து நிற்பார். மென்பொருளுக்கு அது போதும்.

பதிவுப் பட்டியல் போடுவதில்தான் நான் நிறையப் படித்தேன். அரிச்சுவடியில் உள்ள 216 உயிர்மெய்யும் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அது கூடவும் இருந்தது, குறையவும் இருந்தது. குறிலும் நெடிலும் ஒரே பதிவில் அடங்கும், சுரத்தின் நீளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாங்கள் ஒரே க என்று எழுதுவது "கடல்" என்பதில் ஒன்று, "தங்கம்" என்பதில் வேறொன்று. ட, த, ப எல்லாம் அப்படித்தான். ச இன்னும் மோசம். இவற்றை எல்லாம் பிரித்துப் பதிய வேண்டும். அம், அண், அழ் என்று மெய்யில் முடிகிறவை வேறு. பிறகு எங்கள் ற்ற. காற்று, சேற்று என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது வருகிற அந்த ஒலியைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பதிந்தால் வேறு மாதிரித்தான் வரும். மாமாவின் ற்ற எனக்குக் கிடைத்த பெரிய சொத்து.

விடிய நாலரைக்குப் பதிவோம். ஐந்து தாண்டினால் கோவில் மணி, ஆறு தாண்டினால் பாண்காரரின் ஓட்டோ பீத்தோவன் மெட்டோடு ஒழுங்கைக்குள் வந்துவிடும். ழகர வரிசைக்கு மட்டும் இரண்டு விடியற்காலை போனது. "உது ள மாதிரிக் கேக்குது, பிள்ளை. திருப்பி எடும்," என்று அவரே நிறுத்திவிடுவார்.

பதிந்த ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து அளவுகள் குறிக்க வேண்டும்: ஒலி எங்கே தொடங்குகிறது, இழுபடக் கூடாத மெய்ப்பகுதி எதுவரை, எங்கே முடிகிறது, தாள அடிக்கு எவ்வளவு முன்னால் வாய் திறக்க வேண்டும், முந்தின எழுத்தோடு எவ்வளவு கலக்க வேண்டும். எல்லாம் மில்லி செக்கனில். நாலாவது அளவு பிழைத்தால் பைலாவே போச்சு. அடி விழ வேண்டியது உயிரில், மெய் அதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். வாழைக்குலையில் வருகிற "க்கு" இன்னொரு பாடம் தந்தது. தனி "கு" போட்டால் "வாழைகுலை" என்று மெலிந்து கேட்டது. "ஐக்" என்று மூடி நிற்கிற ஒரு பதிவை இடையில் வைத்து, ஒரு நூலளவு மௌனம் விட்ட பிறகுதான் ஒற்று ஒற்றாக விழுந்தது. அன்றைக்கு இரவு அந்த ஒரு சொல்லை எத்தனை தரம் கேட்டேன் என்று எண்ணவில்லை.

சரி, குறைகள். ஒரு சுருதியில் பதிந்ததை நாலைந்து அரைச்சுரத்துக்கு மேல் உயர்த்தினால் சின்னப் பிள்ளை பாடுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் முக்கியமான எழுத்துகளை இரண்டு சுருதியில் பதிந்திருக்கிறோம். பொப் பாட்டுக்கு ஏற்ற இறக்கக் கோட்டைக் கையால் வரைந்து ஒப்பேற்றலாம். கமகம் கூடிய பாட்டுக்கு வேலைக்கு ஆகாது, ஒரு கீர்த்தனையில் முயன்று விட்டுவிட்டேன். ஒரு நிமிடப் பாட்டுக்கு எனக்கு ஆறு மணித்தியாலமாவது போகும். செய்த வேலையைக் கணினியில் அடிக்கடி சேமித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, பற்றரி செத்த என் லப்டொப்பில் ஒரு முழு நாள் வேலை அழிந்தது. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி றேடியோ கேட்ட கதையை அம்மா அன்றைக்குத் திரும்பச் சொன்னா.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கிறார்கள். 2019இல் யப்பானில் 30 வருடத்துக்கு முன் இறந்த பாடகி மிசோரா ஹிபாரியின் குரலில் புதுப் பாட்டே வந்தது. 2024இல் ஏ. ஆர். ரஹ்மான் காலமான பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்துப் பாவித்தார். அனுமதியோடு செய்வதில் எனக்கு மறுப்பு இல்லை. பிரபல பாடகரின் குரலை இணையத்தில் உருவி வந்து செய்து தரச் சொன்ன மூன்று பேருக்கு மாட்டேன் என்று சொன்னேன். என்னிடம் இருக்கிற குரலின் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்து ஒவ்வோர் எழுத்தையும் தானே பார்த்துத் தந்தவர்.

பழைய பாட்டு ஒன்றைப் பாடியவர் இன்னும் இருக்கிறார், குரல்தான் தளர்ந்துவிட்டது என்றால் தயங்காமல் தொடங்கலாம். சாதாரண மைக், அடக்கமான அறை, நிறையப் பொறுமை இருந்தால் சரி.

பாட்டு இப்போது மூன்று நிமிடம் பத்துச் செக்கன். இரண்டாம் சரணத்தின் கடைசி வரி மட்டும் மாமாவுக்கு ஞாபகம் வரவில்லை. கூட்டாளிகளில் உயிரோடு இருக்கிற ஒருவரிடம் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. நான் ஒரு வரி எழுதிக் காட்டினேன். மாமா வேண்டாம் என்றார். அந்த இடத்தில் மெட்டுக்கு "ம்" என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். கனடாக் கூட்டாளி நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுகிறாராம்.