ஓக் நேஷனல் அகாடமி: பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாதப்ப கைகொடுத்த வெப்சைட் (4/5)

2020 செப்டம்பர்ல, கொரோனா நேரத்துல, இங்கிலாந்துல ஸ்கூல் திறந்ததும் அட்டெண்டன்ஸ் கட்டாயம்னுட்டாங்க, அனுப்பலன்னா ஒரு பிள்ளைக்கு அப்பா அம்மா ஆளுக்கு அப்ப 60 பவுண்ட் ஃபைன் வரலாம்னு இருந்துச்சு, 21 நாளுக்குள்ள கட்டலன்னா 120. வீட்ல மாமியாருக்கு நுரையீரல் பிரச்சனை, தடுப்பூசியும் அப்ப வரல, அவங்க உயிர விட அட்டெண்டன்ஸ் பெருசான்னு நாங்க மகளை அனுப்பல. ஸ்கூல்ல இருந்து லெட்டர்தான் வந்துச்சே தவிர பாடம் வரல.

அந்த நேரத்துல ஆன்லைன்ல பாடம் நடத்துற இந்த ஓக் வெப்சைட்தான் எங்களுக்கு ஸ்கூல். லாகின் வேணாம், காசு வேணாம். முதல்ல குட்டி க்விஸ், அப்புறம் டீச்சர் வீடியோ, நடுவுல நிறுத்திட்டு நீயே போட்டு பாருன்னு விடுவாங்க, கடைசில மறுபடி க்விஸ். பின்னம் பாடத்துல பட்டை பட்டையா வரைஞ்சு 2/4ம் 1/2ம் ஒண்ணுன்னு காட்டினாங்க பாருங்க, மகளுக்கு டக்குனு புரிஞ்சிருச்சு.

குறைன்னா, சந்தேகம் கேக்க ஆள் இல்ல, எழுதினத திருத்தவும் ஆள் இல்ல, சின்னப் பிள்ளைன்னா பக்கத்துல யாராவது உக்காந்தே ஆகணும், வேலைக்கு போற அப்பா அம்மாவுக்கு அது ரொம்ப கஷ்டம். உடம்பு முடியாம வீட்ல இருக்கற பிள்ளைங்களுக்கு தாராளமா போட்டு விடலாம்.