சிவப்பு ரிப்பனா, இளஞ்சிவப்பு ரிப்பனா?

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் கோவை, ஈரோட்டுக் கல்லூரிகளில் ரெட் ரிப்பன் கிளப் மாணவர்களின் சட்டையில் சிவப்பு ரிப்பன். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபரில் புற்றுநோய் மருத்துவமனைகள் பக்கம் இளஞ்சிவப்பு.

சிவப்பு, 1991-ல் நியூயார்க் கலைஞர்கள் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஆதரவாக உருவாக்கியது. யாரும் அதற்கு உரிமை கொண்டாடக் கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். ஒரு துண்டு நாடா, ஓர் ஊக்கு, அவ்வளவுதான்.

இளஞ்சிவப்பின் கதை வேறு. சார்லட் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி வீட்டிலேயே பீச் பழ நிற நாடா செய்து, புற்றுநோய்த் தடுப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் போதாது என்று அச்சடித்த அட்டையோடு விநியோகித்தார். 1992-ல் ஒரு பத்திரிகையும் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனமும் கூட்டுச் சேரக் கேட்டன. வியாபார வாடை அடிக்கிறது என்று மறுத்துவிட்டார். அவர்களோ நிறத்தை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்! அப்புறம் அது ஒட்டாத பொருளே இல்லை.

சரி, எதைக் குத்துவது? கொள்கை பார்த்தால் என் ஓட்டு சிவப்புக்குத்தான். ஆனால் மார்பகக் கட்டியைப் பற்றி வாய்திறக்கக் கூச்சப்படும் ஊரில் பரிசோதனை முகாமுக்கு ஆள் சேர்க்க இளஞ்சிவப்பு வேண்டும். திருப்பூர் பனியனில் குத்துவதானால் தையல் மேல் குத்துங்கள், துணியில் ஓட்டை விழாது.