வேலைமாற்றப் பயிற்சிக்கு ஆட்கள் எந்தக் குழுவில் கிடைப்பார்கள்? வாட்ஸ்அப், ஃபேஸ்புக், டெலிகிராம், லிங்க்ட்இன், ரெடிட் – ஓர் ஒப்பீடு

கேரியர் கோச்சிங்கில் புதிதாக இறங்குபவர்கள் ஆன்லைன் குழுக்களைத் தேடும்போது உறுப்பினர் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஐம்பதாயிரம் பேர் உள்ள குழுவில் பத்துப் பேராவது வரமாட்டார்களா என்பது கணக்கு. இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகும். பார்க்க வேண்டியவை மூன்று. அங்கே ஆட்கள் தங்கள் சிக்கலை வெளிப்படையாகக் கேட்கிறார்களா? நீங்கள் எழுதிய பதில் மூன்று மாதம் கழித்துத் தேடுபவருக்கும் கிடைக்குமா? அதைப் படித்தவர், மற்றவர் அறியாமல் உங்களிடம் வர வழி உண்டா?

இந்த அலசல் ஒரு குறிப்பிட்ட வேலையை மனதில் வைத்து எழுதப்படுகிறது: ஐ.டி. துறையில் மூன்று முதல் பத்து ஆண்டு அனுபவம் உள்ள தமிழர்களுக்கு ரெஸ்யூமே, மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்), சம்பளப் பேச்சுவார்த்தை ஆகியவற்றில் தனித்தனியாகப் பயிற்சி தருவது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் இதற்கென ஒதுக்க முடியும் என்றால், மூன்று மணி ஃபேஸ்புக் குழுக்களுக்கு, ஒரு மணி வாட்ஸ்அப்புக்கு, ஒரு மணி லிங்க்ட்இனுக்கு என்பது எங்கள் பரிந்துரை. டெலிகிராமை முதல் ஆறு மாதம் தொட வேண்டாம். காரணங்கள் கீழே.

வாட்ஸ்அப்: நம்பிக்கை அதிகம், கேள்வி குறைவு

கல்லூரி பேட்ச் குழு, பழைய கம்பெனிக்காரர்கள் குழு, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு என இங்கே எல்லாமே ஏற்கெனவே அறிமுகமானவர்களின் கூட்டம். ஒரு குழுவில் அதிகபட்சம் 1,024 பேர். "இவர் நம்ம சீனியர்" என்ற ஒரு வரி, வேறு தளங்களில் மாதக்கணக்கில் எழுதிச் சம்பாதிக்க வேண்டிய நம்பிக்கையை ஒரே நாளில் தந்துவிடும்.

ஆனால் அதே அறிமுகம்தான் வாயையும் அடைக்கிறது. பழைய மேனேஜரும், கூட வேலை பார்ப்பவரும், சில சமயம் மச்சானும் இருக்கும் குழுவில் "வேலை மாறப் பார்க்கிறேன்" என்று எவரும் எழுதமாட்டார்கள். அதனால் இங்கே கேள்விக்காகக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எல்லோருக்கும் பயன்படும் ஒரு குறிப்பை நீங்களே போடுங்கள். எடுத்துக்காட்டாக: "பழைய கம்பெனி உங்கள் பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இ.பி.எஃப்.ஓ. தளத்தில் பதிந்துகொள்ளலாம். பின்னணிச் சரிபார்ப்பில் இரண்டு வேலைகளின் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது போலத் தெரிந்தால் தேவையில்லாத விசாரணை வரும், முன்பே பார்த்துவிடுங்கள்." இப்படி ஒன்று போட்டால் குழுவில் கைகூப்பும் எமோஜி நாலு விழும். உண்மையான பலன் அன்றிரவு தனிச்செய்தியாக வரும்: "அண்ணா, ஒரு டவுட்."

குறை என்னவென்றால், அந்தக் குறிப்பு காலை வணக்கப் படங்களுக்கு நடுவே சில மணி நேரத்தில் மேலே போய்விடும். அட்மின் ஒத்துக்கொண்டால் அதைக் குழுவின் உச்சியில் நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைக்கலாம். அதன் உச்சவரம்பு 30 நாள். எழுதியதையெல்லாம் உங்கள் போனில் தனியாகச் சேமித்து வையுங்கள். அதே கேள்வி வேறு குழுவில் வரும்.

இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: குழுவில் தெரியும் எண்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாக விளம்பரம் அனுப்புவது. குழுவில் இருப்பது அனுமதி கொடுத்ததாகாது. பலர் ரிப்போர்ட் செய்தால் கணக்கு முடங்க வாய்ப்புண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் உதவாது. ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

ஃபேஸ்புக்: உழைப்பு அதிகம், பலனும் அதிகம்

இளைஞர்கள் ஃபேஸ்புக்கை விட்டுப் போய்விட்டார்கள் என்பார்கள். கேள்வி–பதில் குழுக்களைப் பொறுத்தவரை அது சரியில்லை. முப்பதைத் தாண்டியவர்கள், குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்கள், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்துகொண்டு ஊர் திரும்பத் திட்டமிடுபவர்கள் இங்கேதான் கேட்கிறார்கள். பல குழுக்களில் பெயர் மறைத்துப் பதிவிடும் வசதியை அட்மின்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வாய்திறக்க முடியாத கேள்வி இங்கே அப்படியே வந்து விழும்.

சேரும்போது அட்மின் மூன்று கேள்விகள் வரை கேட்பார். பதில் எழுதாமல் சேரக் கேட்பவர்களைப் பல அட்மின்கள் அப்படியே நிராகரித்துவிடுவார்கள். உங்கள் தொழிலை மறைக்காமல், "கேரியர் கோச்சாக இருக்கிறேன், விளம்பரம் போடமாட்டேன், கேள்விகளுக்குப் பதில் சொல்வேன்" என்று எழுதுங்கள். மறைத்துச் சேர்ந்து பிறகு தெரியவந்தால் அட்மினிடம் பெயர் கெடும். அந்த அட்மின் இன்னும் பல குழுக்களை நடத்துபவராக இருக்கலாம்.

சேர்ந்த முதல் வாரம் எதுவும் எழுத வேண்டாம். குழுவுக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் நோட்டீஸ் பீரியட், கேரியர் கேப், ஆஃபர், பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது), ஹைக் (சம்பள உயர்வு) போன்ற சொற்களைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் படியுங்கள். எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, எதற்குச் சரியான பதில் கிடைக்காமல் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் உங்கள் பாடத்திட்டம்.

பதில் எப்படி இருக்க வேண்டும்? ஒருவர் கேட்கிறார்: "90 நாள் நோட்டீஸ். புதுக் கம்பெனில 30 நாளில் ஜாயின் பண்ணச் சொல்றாங்க. பேப்பர் போட்டுடலாமா?" இதற்கு "இன்பாக்ஸ் வாங்க, கைட் பண்றேன்" என்று எழுதுபவர்கள் ஏராளம். அது கேட்டவரை மட்டுமல்லாமல், படிக்கும் நூறு பேரையும் விரட்டிவிடும். நல்ல பதில் இப்படி இருக்கும்:

"ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தபிறகே ராஜினாமா செய்யுங்கள், போனில் சொன்ன உறுதி போதாது. அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் நோட்டீஸ் பைஅவுட் விதி (மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டு முன்பே கிளம்புவது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தத் தொகை பேசிக் சம்பளத்தை வைத்தா, மொத்தச் சம்பளத்தை வைத்தா என்று கவனியுங்கள், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும். சில கம்பெனிகளில் மேனேஜர் சம்மதித்தால்தான் பைஅவுட். அந்தத் தொகையைப் புதுக் கம்பெனி திருப்பித் தருமா என்று எச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒன்று சொல்லுங்கள்: அந்த 30 நாள் கெடு ஆஃபர் லெட்டரில் இருக்கிறதா, எச்.ஆர். வாயால் சொன்னதா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். கேட்டவர் பதில் எழுதியே ஆக வேண்டும், உரையாடல் தொடங்கிவிடும். இந்த வேலையில் பழகியவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும் என்பதும் படிப்பவர்களுக்குப் புரியும்.

எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லிவிட்டால் காசு கொடுத்து யார் வருவார்கள் என்ற பயம் வரும். தேவையில்லை. தகவலுக்கு இன்று யாரும் பணம் தருவதில்லை. பயிற்சிக்குத் தருவார்கள். "இப்போதைய சிடிசி (ஆண்டு மொத்தச் சம்பளம்) எவ்வளவு?" என்று எச்.ஆர். கேட்கும்போது தடுமாறாமல் பேச, நாலு முறை வாய்விட்டுப் பேசிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒருவர் திருத்த வேண்டும். அது கமெண்ட்டில் நடக்காது. தகவலை அள்ளிக் கொடுங்கள், பயிற்சிக்கு மட்டும் கட்டணம் வாங்குங்கள்.

இலவச ரெஸ்யூமே திருத்தத்தை மட்டும் அறிவித்துவிடாதீர்கள். ஒரே நாளில் அறுபது ரெஸ்யூமே வந்து குவியும், ஒன்றுகூடக் கட்டண வகுப்பாக மாறாமல் போகலாம், தாமதமானால் கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள். வேண்டுமானால் "முதல் பக்கத்தில் மூன்று திருத்தங்கள், இந்த வாரம் ஐந்து பேருக்கு" என்று எல்லை கட்டிச் சொல்லுங்கள்.

இரண்டு தொழில்நுட்ப விஷயங்கள். லிங்க் உள்ள பதிவுகளைத் தானாகவே நிராகரிக்கும்படி அட்மின்கள் அமைத்து வைக்க முடியும். எனவே லிங்க் போடாதீர்கள், உங்கள் புரொஃபைலின் முதல் வரியிலேயே என்ன செய்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்து, நட்புப் பட்டியலில் இல்லாதவர் அனுப்பும் செய்தி மெசேஜ் ரிக்வெஸ்ட் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் திறந்து பாருங்கள். நல்ல கிளையன்ட்கள் அங்கேயே காத்திருந்து அலுத்துப் போய்விடுவார்கள்.

டெலிகிராம்

குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம், போன் எண்ணை மறைத்துக்கொள்ளலாம், பழைய செய்திகளைத் தேடலாம். காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றையும் விடச் சிறந்தது. நடைமுறையில் இங்கே வருபவர்கள் பி.டி.எஃப்., வேலை லிங்க், பழைய வினாத்தாள் ஆகியவற்றை இலவசமாக எடுத்துக்கொண்டு போக வருகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. போன்ற தேர்வுகளுக்கு மாதிரித் தேர்வுத் தொகுப்பு நடத்துபவர் என்றால் நிலைமை வேறு. க்விஸ் பாட் (தானாகக் கேள்வி போடும் நிரல்) வைத்துத் தினம் பத்துக் கேள்வி போட்டு நல்ல கூட்டத்தைச் சேர்க்கலாம். தனிநபர் பயிற்சிக்கு அது ஒத்துவராது.

இன்னொரு சங்கடம், டெலிகிராமில் மலிந்து கிடக்கும் வேலை மோசடி. "வீட்டிலிருந்தே டாஸ்க் செய்து சம்பாதிக்கலாம்" என்று பணம் பறிக்கும் கும்பல்கள் உலவும் இடத்தில், வேலை பற்றிப் பேசி முன்பணம் கேட்கும் எவரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. எந்தத் தளமானாலும் "வேலை வாங்கித் தரமாட்டேன், இன்டர்வியூவுக்குத் தயார்செய்வேன்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

லிங்க்ட்இன்

இங்கே பெரும்பாலான குழுக்கள் அடங்கிக் கிடக்கின்றன. சேர்வதில் ஒரே ஒரு லாபம்: ஒரே குழுவில் இருப்பவருக்கு, நேரடித் தொடர்பில் இல்லாவிட்டாலும் செய்தி அனுப்பக் கேட்கலாம். பேச்சு உயிரோடு இருப்பது ஆள் எடுப்பவர்களும் டெலிவரி மேனேஜர்களும் எழுதும் பதிவுகளின் கமெண்ட்டில்தான். வாரத்துக்கு நாலைந்து பதிவுகளில், நாலு வரிக்குக் குறையாமல், அந்தப் பதிவில் இல்லாத ஒரு விவரத்தைச் சேர்த்து எழுதுங்கள். "மிக அருமை சார்" வகைக் கமெண்ட்டால் எந்தப் பயனும் இல்லை. வேலை தேடுபவர் எதையும் வெளிப்படையாகக் கேட்கமாட்டார், இப்போதைய பாஸ் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா. ஆனால் படித்துவிட்டு உங்கள் புரொஃபைலுக்கு வந்து போவார்கள். டீம் லீட், மேனேஜர் நிலையில் இருப்பவர்கள், அதாவது கட்டணம் பற்றி அதிகம் பேரம் பேசாதவர்கள், இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஐ.சி.எஃப். (சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு) சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களும் இவர்களே. அதன் முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரக் கல்வியும், பிறருக்குப் பயிற்சி தந்த 100 மணி நேர அனுபவமும் வேண்டும். படித்துக்கொண்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள், முடித்ததுபோலக் காட்டாதீர்கள்.

ரெடிட், டிஸ்கார்ட், ஸ்லாக்

ரெடிட்டில் புனைபெயரில் எழுதுவதால் சம்பளத்தைக்கூட மறைக்காமல் எழுதுவார்கள். டெவலப்பர்ஸ்இந்தியா போன்ற ரெடிட் குழுக்களைச் சந்தை நிலவரம் அறியவாவது படியுங்கள். ரெடிட் பதில்கள் கூகுள் தேடலில் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருக்கும், இந்த ஆயுள் வேறெந்தக் குழுவிலும் கிடையாது. ஆனால் பேச்சு ஆங்கிலத்தில், சுயவிளம்பரத்துக்குத் துளியும் இடமில்லை, புதிய கணக்கின் பதிவுகளைப் பல குழுக்களில் தானியங்கி மாடரேட்டரே நீக்கிவிடும். ஆறு மாதம் பொறுமையாகப் பதில் எழுத முடிந்தவர்களுக்கு ஏற்றது. அரட்டைச் செயலியான டிஸ்கார்டில் குரல் அறை இருப்பதால் குழுவாக மாக் இன்டர்வியூ நடத்த வசதி. அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய செய்திகள் தெரியாது என்பதால், அங்கே எழுதியது அதற்குமேல் நிற்காது.

தனிச்செய்தி வந்தபிறகு

எந்தக் குழுவிலிருந்து வந்தாலும் இனிமேல் வழி ஒன்றே. மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்போது என்ன வேலை, எந்த வேலைக்கு மாற வேண்டும், எப்போதைக்குள்? பிறகு 20 நிமிட இலவச அழைப்பு. கூகுள் மீட்டில் இருவர் பேசினால் நேரம் ஒரு தடையாக இருக்காது, ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். அழைப்பின் முடிவில் ஒரே ஒரு கட்டண வகுப்பை மட்டும் முன்வையுங்கள். முதல் நாளே மூன்று மாதத் தொகுப்பை விற்கப் போனால் "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனவர் திரும்புவது அரிது. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, தேதி மாற்ற எவ்வளவு முன்பு சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிட்டு, யு.பி.ஐ.யில் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, ரசீது மட்டும் கொடுத்துவிடுங்கள்.

வேலை கிடைத்தவரின் நன்றிச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடும் ஆசை வரும். கேட்காமல் போடாதீர்கள். கம்பெனி பெயரும் சம்பளமும் தெரிந்தால் அவருக்குத்தான் சிக்கல். கோச்சிங் விளம்பரங்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஐம்பது மாணவர்களுக்கு மேல் உள்ள மையங்களுக்கானவை. ஆனாலும் அவற்றின் இரண்டு விதிகளைத் தனிப்பயிற்சியாளரும் பின்பற்ற வேண்டும்: வெற்றி பெற்றவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது, வேலை உறுதி என்று சொல்லவே கூடாது.

ஒரு கூகுள் ஷீட்டில் தேதி, குழு, பதிலளித்த கேள்வி, தனிச்செய்தி வந்ததா, அழைப்பு நடந்ததா, கட்டணம் வந்ததா என்று ஆறு பத்திகள் போட்டு வையுங்கள். எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். உங்கள் துறைக் கேள்வியே வராத குழுவிலிருந்து வெளியேறிவிடலாம். கேள்வி வந்து, அதற்கு ஏற்கெனவே நாலு கோச்சுகள் முந்திக்கொள்ளும் குழுவென்றால், டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறுபவர்கள் அல்லது வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் என்று இன்னும் குறுகிய குழுவைத் தேடிச் சேருங்கள். தனிச்செய்தி வருகிறது, அழைப்பும் நடக்கிறது, கட்டணம் மட்டும் வரவில்லை என்றால் குழுவை மாற்றிப் பயனில்லை. அந்த 20 நிமிடத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், வந்தவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று பாருங்கள்.